கஷாயத்துக்கு முன்னால் குடத்தைப் பாருங்கள்!

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் பிடித்த மழையைத் திருச்செந்தூர் வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலை எட்டரை மணிக்குக் கணக்கெடுத்தபோது, 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர்! திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62. எங்கள் மாவட்டத்தில் ஒரு வருஷம் பூராவும் பெய்கிற மழையே சுமார் 65, 70 சென்டிமீட்டர்தான். வருஷத்து மழை ஒரே நாளில் கொட்டினால் என்ன ஆகும்?

குளங்கள் உடைந்தன. தாமிரபரணி கரை மீறியது. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. கரண்ட் போச்சு. செல்போன் டவரும் போச்சு. இதெல்லாம் நீங்கள் பேப்பரில் படித்ததுதான். நான் சொல்ல வந்தது வேறு.

மழை விட்ட சில நாட்கள் கழித்து ஆலந்தலையில் ஒரு முகாம். திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருக்கிற மீனவர் ஊர் அது. சித்த வைத்தியன் என்ற முறையில் நானும் போயிருந்தேன். ஒரு பெரிய அண்டா நிறைய நிலவேம்புக் குடிநீர். 'வெள்ளம் வடிஞ்சதும் காய்ச்சல் வரும், இதைக் குடிங்க' என்று ஆளுக்கு ஒரு டம்ளர். வரிசை நீண்டுகொண்டே போனது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்!

வரிசையில் ஒரு ஆச்சி. எழுபதைத் தாண்டி இருக்கும். டம்ளரை வாங்கியவர் குடிக்கவில்லை. அண்டாவை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

"ஐயா, இதை எந்தத் தண்ணியில காய்ச்சுனிய?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

உடன் வந்த பையன்களைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். தண்ணீர் ஒரு மண்டபத்துக் கிணற்றில் எடுத்தது. அந்தக் கிணற்றுக்குப் பக்கத்திலேயே செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்துகொண்டிருந்திருக்கிறது. 'கொதிக்க வச்சோமே சார்' என்றார்கள். கொதிக்க வைத்ததும் உண்மை. ஆனால் கூட்டம் எதிர்பார்த்ததைவிடக் கூடிப் போனதும், ஆறவும் வேண்டுமே, பெருகவும் வேண்டுமே என்று அதே கிணற்றுப் பச்சைத் தண்ணீர் நாலு குடத்தை அண்டாவில் ஊற்றிவிட்டார்கள்!

பிள்ளைகள் மேல் தப்பில்லை. காலையில் கிளம்பும்போது நான் சரக்கு சரியாக இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, தண்ணீரைப் பார்க்கவில்லை. அண்டாவைக் கவிழ்த்துவிட்டேன். அதற்குள் எத்தனை பேர் குடித்திருந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கத் துணியவில்லை. ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. நல்லவேளை, யாருக்கும் எதுவும் ஆனதாகத் தகவல் இல்லை. அது என் சாமர்த்தியம் அல்ல.

அன்றிலிருந்து ஒரு விஷயத்தைப் போகிற இடமெல்லாம் சொல்லி வருகிறேன். சக வைத்தியர்கள் சிலருக்கு என் மேல் வருத்தம்கூட. வெள்ளமோ, புயலோ, கடலோ புகுந்த ஊரில் முதல் மருந்து நிலவேம்பு அல்ல. கிருமி இல்லாத குடிதண்ணீர். ஊரைத் திரும்பக் கட்டும்போதும் சுவரையும் கூரையையும் யோசிப்பதற்கு முன்னால், 'அடுத்த தடவை கரண்ட் இல்லாத ஒரு வாரம் இந்தத் தெரு எதைக் குடிக்கும்?' என்று யோசிக்க வேண்டும்.

வெள்ளத்துக்குப் பின்னால் என்னென்ன வருகிறது? வாந்தி பேதி, டைபாய்டு, ஏ மற்றும் ஈ வகை மஞ்சள் காமாலை. இந்த மூன்றும் வாய் வழியாக, பெரும்பாலும் தண்ணீரோடுதான் உள்ளே போகின்றன. எலிக்காய்ச்சல் மட்டும் வேறு கதை. தேங்கின தண்ணீரில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்குத் தோல் கீறல் வழியாக ஏறிவிடும். அதற்கு ஆங்கில மருத்துவத்தில் தடுப்பு மாத்திரை இருக்கிறது. சேற்றில் இறங்கி வேலை செய்தவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 'வைத்தியர் கஷாயம் குடுத்துட்டாரு, போதும்' என்று இருந்துவிடாதீர்கள். சொல்வது சித்த வைத்தியன்தான்!

நிலவேம்பை நான் குறைத்துப் பேசவில்லை. 2012-ல் டெங்கு பரவியபோது தமிழக அரசே கொடுத்த மருந்து அது. இன்றைக்கும் காய்ச்சலுக்கு எழுதிக் கொடுக்கிறேன். அதில் ஒன்பது சரக்கு. அஞ்சு கிராம் சூரணத்தை 200 மில்லி தண்ணீரில் போட்டு 50 மில்லியாக வற்ற வைக்க வேண்டும். அவ்வளவு நேரம் கொதித்தால் எந்தக் கிருமிதான் பிழைக்கும்? பழைய காலத்தில் கஷாயம் குடித்தவர்கள் தேறினதில் அந்தக் கொதிக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். முறைப்படி வற்றவைக்காமல், கடைசியில் பச்சைத் தண்ணீரை விளாவினால் அது கஷாயமே இல்லை.

சரி, தண்ணீரை என்ன செய்வது? கொதிக்க வைக்கலாம். தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும். ஆனால் விறகெல்லாம் நனைந்து, கேஸ் சிலிண்டர் வராத வாரத்தில் அஞ்சு பேர் குடும்பத்துக்கு எத்தனை பானை காய்ச்ச முடியும்? அதற்குத்தான் குளோரின்.

இங்கேதான் எங்கள் வைத்தியத்துக்கும் ஒரு இடம் இருக்கிறது. தேற்றான்கொட்டை. பேரிலேயே இருக்கிறது பாருங்கள், கலங்கினதைத் தேற்றும் கொட்டை. மண்பானையின் உள்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு இந்தக் கொட்டையை உரசி, மேலே கலங்கல் தண்ணீரை ஊற்றி வைத்தால், மிதக்கிற மண்துகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்து கனத்து அடியில் இறங்கிவிடும். பெரிய ஊர்களின் குடிநீர் நிலையங்களில் படிகாரம் செய்கிற வேலையும் இதுதான். முருங்கை விதைப் பொடிக்கும் அந்தக் குணம் உண்டு.

ஆனால் தெளிந்த தண்ணீர் வேறு, சுத்தமான தண்ணீர் வேறு. கண்ணாடி மாதிரித் தெளிந்து நிற்கும் தண்ணீரில் காலரா கிருமி இருக்கலாம். தேற்றான்கொட்டை கலங்கலைத்தான் எடுக்கும். மிச்சத்தைக் குளோரின்தான் முடிக்க வேண்டும். கலங்கலாக இருக்கும்போதே குளோரினைப் போட்டால், அந்த மண்ணும் அழுக்குமே பாதி மருந்தைத் தின்றுவிடும், கிருமிக்கு மிஞ்சாது. ஆகவே முதலில் தேற்றான், ஒரு மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டல், அப்புறம் குளோரின். ஒன்று பாட்டி சொன்னது, இன்னொன்று சுகாதார இன்ஸ்பெக்டர் சொன்னது. ரெண்டும் ஒரே பானையில்.

ஒரு எச்சரிக்கை. தேற்றானும் எட்டியும் தாவர சாஸ்திரப்படி ஒரே குடும்பம், ஒரே இனம். எட்டிக்கொட்டை கடும் விஷம். அது தட்டையாக, சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கும். தேற்றான் சிறியது, உருண்டு இருக்கும். தெரிந்த நாட்டுமருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் வேண்டாம், படிகாரம் போதும்.

குளோரின் மாத்திரையில் 0.5 கிராம் மாத்திரை ஒன்று 20 லிட்டர் தண்ணீருக்கு. வேறு அளவிலும் வருகிறது, அட்டையில் போட்டிருப்பதைப் படித்துவிட்டுப் போடுங்கள். போட்டு அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். போட்டதும் குடித்தால் பிரயோஜனம் இல்லை. தெரு டேங்குக்கு ப்ளீச்சிங் பவுடர் என்றால், சாதாரண நாளில் 1000 லிட்டருக்கு நல்ல பவுடர் இரண்டரை கிராம் என்பது கணக்கு. பவுடரை அப்படியே கொட்டாமல் ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு மேல் தெளிவை மட்டும் டேங்கில் ஊற்ற வேண்டும். வெள்ளத் தண்ணீருக்கு இந்த அளவு பற்றாது. எவ்வளவு கூட என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும். சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து ரெண்டு சொட்டு மருந்து விட்டால் கலர் மாறும். சில பெட்டியில் மஞ்சள், சிலதில் ரோஸ். அட்டையோடு ஒப்பிட்டு, அரை மணி கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் நிற்கிறதா என்று பார்க்கலாம். (சோதித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், குடிக்கக் கூடாது.) ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்குக்கூட இதை ஒரு மத்தியானத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

'அந்த நாத்தம் சகிக்கலையே டாக்டரே' என்பார்கள். லேசான வாடை இருந்தால்தான் மருந்து இன்னும் வேலை செய்கிறது என்று அர்த்தம். வாடையே பிடிக்காதவர்கள் அரை மணிக்குப் பிறகு மூடியைத் திறந்து, மேலே துணி கட்டி வையுங்கள், குறையும்.

சுத்தம் பண்ணின தண்ணீரை எதில் வைக்கிறோம் என்பதும் முக்கியம். நம்ம ஊர்க் குடத்துக்கு வாய் சின்னது. அது வெறும் அழகுக்கா? கொல்கத்தா சேரிகளில் 1980-களில் காலரா பற்றி ஒரு ஆய்வு நடந்தது. அங்கே 'சோராய்' என்று குறுகிய கழுத்துள்ள மண்குடம் ஒன்று உண்டு. வீட்டில் காலரா நோயாளி இருந்தும், அந்தக் குடத்தில் தண்ணீர் வைத்துக் குடித்த குடும்பங்களில் மற்றவர்களுக்குத் தொற்றுவது வெகுவாகக் குறைந்தது. காரணம் ரொம்ப எளிது. கை உள்ளே போகாது! நிவாரணமாக நாம் அனுப்புவது என்ன? அகல வாய் பிளாஸ்டிக் வாளியும் ஒரு மக்கும். நூறு கை அதற்குள்ளே போய் வரும். அடுத்த முறை வாளிக்குப் பதில் மூடி போட்ட குடம் அனுப்புங்களேன். பழைய துணி மலை மலையாக வந்து குவிந்ததைப் பார்த்தேன். ஒரு அட்டை குளோரின் மாத்திரையை அந்தக் குவியலில் பார்க்கவில்லை.

இதையும் மீறிப் பேதி வந்துவிட்டால்? 1971 வங்காளதேச யுத்தத்தின்போது எல்லையோரம் பன்காவ் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் குளுகோஸ் தீர்ந்துவிட்டது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டிரம்களில் நிரப்பி, நோயாளியின் சொந்தக்காரர்களையே விட்டுக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்று இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. 2022-ல் அவர் காலமான பிறகு பத்ம விபூஷண் கொடுத்தார்கள். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது, கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டுத் திரும்பக் கலக்குங்கள். இதற்கும் முதல் சரக்கு தண்ணீர்தான், கவனித்தீர்களா?

இனி ஊரைத் திரும்பக் கட்டுகிற விஷயம்.

திருச்செந்தூர் வந்தவர்கள் நாழிக்கிணறைப் பார்த்திருப்பீர்கள். அலை அடிக்கிற தூரத்தில், ஒரு சதுர அடி வாயில், கரிக்காத தண்ணீர். பக்தர்களுக்கு அது முருகன் வேலால் உண்டாக்கியது. நானும் தலையில் தெளித்துக்கொண்டவன்தான். நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லும் விளக்கமும் அழகானதுதான். மழைத் தண்ணீர் லேசானது, கடல் தண்ணீர் கனமானது. மணலுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர், உப்புத் தண்ணீர் மேலே எண்ணெய் மாதிரி மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கீழே சுமார் நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள். மோட்டார் வைத்து உறிஞ்சி மேல்மட்டத்தை ஒரு அடி இறக்கினால், கீழே இருந்து உப்பு நாற்பது அடி ஏறிவரப் பார்க்கும்!

2004 சுனாமியின்போது இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புப் பக்கம், ஆயிரக்கணக்கான கிணறுகளில் கடல் தண்ணீர் புகுந்துவிட்டது. நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள் மோட்டார் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். பல இடங்களில் அதனாலேயே உப்பு தங்கிப் போனது. அளவோடு இறைத்து, மழை வந்து கழுவட்டும் என்று விடுவதே மேல் என்று பிறகு நிபுணர்கள் சொன்னார்கள். நம்ம கரையிலும் கிணற்றைச் சுத்தம் பண்ணப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அதனால்தான் அடிபம்பைக் கேட்கிறேன். கேட்டால் இளைஞர்கள் சிரிக்கிறார்கள், 'எந்தக் காலத்துல இருக்கீங்க?' என்று. 1970-களில் சோலாப்பூரில் பிறந்த ஒரு பம்பைப் பார்த்து, யுனிசெஃப் உதவியோடு சென்னைத் தொழிற்சாலை ஒன்று திருத்திச் செய்ததுதான் 'இந்தியா மார்க்-2'. லட்சக்கணக்கான கிராமங்களுக்குத் தண்ணீர் கொடுத்தது. இன்றைக்குக் குழாய் வந்துவிட்டது என்று அதைக் கழற்றிப் போட்டுவிட்டோம். குழாயில் வருவது தாமிரபரணியில் இருந்து மோட்டார் தள்ளிவிடும் கூட்டுக் குடிநீர். ஆற்றில் வெள்ளம் வந்தால் எடுக்கும் இடத்தில் மோட்டார் மூழ்கும், பைப் உடையும், கரண்டும் இருக்காது. 2023-ல் நடந்தது அதுதானே? ஊரைச் சுற்றி அத்தனை தண்ணீர், குடிக்க ஒரு சொம்பு இல்லை!

தெருவுக்கு ஒரு அடிபம்பு. அதுவும் தரையோடு தரையாக அல்ல. பீகாரில் வருஷா வருஷம் வெள்ளம் பார்க்கிற ஊர்களில் ஆள் உயரத்துக்கு மேடை கட்டி, படி வைத்து, அதன் மேல் பம்பை நிறுத்துகிறார்கள். வெள்ளம் வந்தாலும் வாய் மூழ்காது. நம்மிடம் புதிதாகக் கட்டிக் கொடுக்கும் காலனி வீடுகளில் டைல்ஸ் இருக்கிறது, இது இல்லை. பக்கத்து வீட்டுக் கக்கூஸ் குழிக்கும் நம்ம வீட்டுக் கிணற்றுக்கும் நடுவில் அம்பது அடியாவது வேண்டும் என்பதையும் பல இடங்களில் பார்ப்பதில்லை. கடற்கரை மணலில் அம்பதுகூடப் பத்தாது, தண்ணீர் சல்லடை மாதிரி ஓடிவிடும்.

கடல் அரிப்புக்குத் தூண்டில் வளைவு வேண்டும் என்று ஆலந்தலைக்காரர்களும் அமலிநகர்க்காரர்களும் போராடியது நியாயமே. படகை நிறுத்த மணல் இல்லை என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? ஆனால் அது கோடிக்கணக்கில் பணமும் வருஷக்கணக்கில் காலமும் பிடிக்கிற வேலை. அடிபம்பு மேடைக்கும், ஒரு டப்பா ப்ளீச்சிங் பவுடருக்கும், ஒரு சோதனைப் பெட்டிக்கும் சட்டசபையில் பேச வேண்டாம். ஊர்க் கமிட்டியே முடித்துவிடலாம்.

இன்னொன்றும் அதே கமிட்டியால் ஆகும். 2004 டிசம்பர் 26. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்று ஒரு மீனவர் கிராமம். அந்த ஊர்ப் பையன் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். செய்தி தெரிந்ததும் வீட்டுக்குப் போன் போட்டார். ஊரில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருந்த தகவல் மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. மீன் விலையும் கடல் நிலவரமும் சொல்வதற்காக வைத்தது. அதில் உடனே அறிவித்தார்கள். ஊரே கிளம்பி ஓடித் தப்பித்தது. 2007-ல்தான் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. இப்போது எச்சரிக்கை நிமிஷங்களில் வந்துவிடுகிறது, செல்போன் டவர் நிற்கும்வரை. டவர் சாய்ந்த பிறகு? ஆலந்தலையில் கோயில் என்றால் சர்ச்தான், அங்கே மணி இருக்கிறது, மைக் இருக்கிறது. பேட்டரியில் ஓடும்படி ஒரு ஏற்பாடு இருந்தால், புயல் வருகிறது என்றும் சொல்லலாம். 'இன்னிக்குக் குழாய்த் தண்ணியக் குடிக்காதிய, மருந்து போட்ட தண்ணி பள்ளிக்கூடத்துல இருக்கு' என்றும் சொல்லலாம். இரண்டாவது அறிவிப்பை 2023-ல் நான் எந்த ஊரிலும் கேட்கவில்லை.

'ஒரு சித்த வைத்தியர் ப்ளீச்சிங் பவுடருக்கு விளம்பரம் பண்ணலாமா?' என்று ஒரு நண்பர் கேட்டார். பாளையங்கோட்டையில் நாங்கள் படித்த குணபாடத்தில் தண்ணீருக்கே தனிப் பகுதி உண்டு. ஆற்று நீர், குளத்து நீர், கிணற்று நீர், ஊற்று நீர் என்று ஒவ்வொன்றின் குணமும் தோஷமும் மனப்பாடம் பண்ணித்தான் பரீட்சை எழுதினோம். மருந்து எந்தத் தண்ணீரில் இறங்குகிறது என்று பார்ப்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான். அதை எனக்கு ஞாபகப்படுத்த அந்த ஆச்சி வர வேண்டியிருந்தது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். பவுடரும் மாத்திரையும் செப்டம்பரிலேயே வாங்கி வையுங்கள். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் ப்ளீச்சிங் பவுடர் சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். ஆகவே பொட்டலமாக அல்ல, இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில், வெயில் படாத இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல். போன வருஷத்து மிச்சம் இருந்தால் அதைக் குடிதண்ணீரில் போட வேண்டாம், சாக்கடைக்குத் தூவிவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.